குளிசைக்கு மேல் தேத்தண்ணி

...ஊத்தட்டும், நல்லாய்ச் சாயம் ஏற ஊத்தட்டும், எனக்கென்ன, குசினிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், என் புருஷனைப் பெற்ற பவளம் மாமி எனக்குத் தந்த அதே தேத்தண்ணி, இப்போது தன் சொந்த மகளுக்கு... லக்சிகாவின் உதடு எப்படி வெளிறிக் கிடக்கிறது, வந்ததிலிருந்து ஐஸ்கட்டியை நறுக் நறுக்கென்று கடிக்கிறாள், நானும் இப்படித்தானே கடித்தேன், பச்சை அரிசியைக்கூட அள்ளித் தின்றேன், படியேறினால் மூச்சு வாங்கும், அதற்கு "வேலைக்கள்ளி" என்று கோயில் சனத்துக்கெல்லாம் சொன்னது யார்? இந்த மாமிதான். டொக்டர் எழுதித் தந்த இரும்புக் குளிசையை "சும்மா போட்டால் சூடு பிள்ளை, தேத்தண்ணியோட போடு" என்று பக்கத்தில் நின்று குடிக்கவைத்ததும் அவர்தான். பிறகு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டு கை நழுவி விழுந்தது, தேங்காய் உருண்டது, என் வலது பக்கமே என்னுடையதாய் இல்லை... ஸ்ட்ரோக், இந்த வயதிலா? இரத்தத்தில் இரும்பு அடியோடு இல்லை, மூளையில் இரத்தம் கட்டியாகி அடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம், தேத்தண்ணி குளிசையை உடம்பில் சேரவிடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாமியிடம் சொன்னேன், குழறிக் குழறிச் சொன்னேன், "பாவம், விசர்க்கதை கதைக்கிறாள்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார், அந்தக் கை விளங்காமல் போக!

"அம்மா, ஐம் சோ டயர்ட், டொக்டர் அயன் டேப்லெட்ஸ் தந்தவர்," என்கிறாள் லக்சிகா. "ஓம் பிள்ளை, இந்தா, தேத்தண்ணியோட போடு." அதே கோப்பை. குடியடி, குடி, தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், சுடட்டும், என் புருஷன் செந்தூரன் எனக்கு வாய் துடைத்துவிடுகிற மாதிரி மாமியும் ஒருநாள் உனக்குத் துடைக்கட்டும், அப்போது தெரியும்... லக்சிகா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஐயோ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவள் இவள் ஒருத்திதானே, இவள் என்ன செய்தாள் எனக்கு? வேண்டாமடி, தண்ணியோட போடு, எவ்வளவு சின்னச் சொற்கள்... வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை, அதற்குள் அவள் விழுங்கிவிட்டாள். நாக்கு எழவில்லையா, நான்தான் எழவிடவில்லையா... காலையில் இதே நாக்குத்தானே செந்தூரனோடு முழுதாய்ச் சண்டை பிடித்தது.