ஐந்து வேளையும் அவிழ்ந்த கட்டு

கிளினிக் தாதி தக்ஷாயினி மிஸ்ஸி ஏசத் தொடங்கினால் கைறுன்னிஸா முக்காட்டைச் சரிசெய்கிற சாட்டில் தலையைக் குனிந்துகொள்வாள். நாலு மாதமாக இதுதான் நடக்கிறது. திங்களும் வியாழனும் புருஷன் முத்தலிபை ஓட்டோவில் ஏற்றி, கால் புண்ணுக்கு மருந்து கட்டுகிற கிளினிக்குக்குக் கூட்டி வருவாள். புண் ஆறியிருக்காது. மிஸ்ஸி அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள், இவளை அக்கா முறையில் ராத்தா என்பாள்; ஏச்சு இவளுக்குத்தான் விழும்.

"ராத்தா, களவாச் சோறு போடுறீங்களா? இனிப்பு ஏதும் குடுக்கிறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"அல்லாஹ்வுக்காக இல்ல மிஸ்ஸி. காலைல குரக்கன் பிட்டு, பின்னேரம் வெறுந்தேத்தண்ணி. அவ்வளவுதான்."

"அப்ப என்னெண்டு? சீனி இறங்கிக்கொண்டு வருது, புண் மட்டும் அப்பிடியே கிடக்கு."

காலுக்குச் சொந்தக்காரர் கலியாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மனுசனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால், "அவளை ஏசாதீங்க மிஸ்ஸி" என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஓட்டமாவடியில் முத்தலிபைத் தெரியாதவர்கள் குறைவு. எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதுவானாலும் கடைசியில் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். செப்புக் கம்பியை அவர் சுற்றினால் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறாது. அந்தப் பட்டறையில்தான் ஒருநாள் ஆணியொன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தின் முன்பக்கத்தில் ஏறியது. சீனி வருத்தத்தால் மரத்துப்போன கால், ஒன்றும் உணரவில்லை. காலையில் ஏறிய ஆணியோடு பின்னேரம் வரைக்கும் நடந்திருக்கிறார். சிமெந்துத் தரையில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தார்.

முதல் நாளே மிஸ்ஸி மூன்று விசயம் சொன்னாள். தண்ணீர் படக்கூடாது. கட்டை அவிழ்க்கக்கூடாது. காலை ஊன்றி நிற்கக்கூடாது. முத்தலிப் மூன்றுக்கும் தலையாட்டினார்.

கைறுன்னிஸாவுக்கு விசயம் பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டைக் கொஞ்சம் முந்தியே, வீட்டோடு ஒட்டிய பட்டறைக்குக் கொண்டுபோனாள். பட்டறைக்குள் ஆளில்லை. பின்பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திருத்திய மோட்டார்களை இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு சிமெந்துத் தொட்டி. வாய்க்காலிலும் குளத்திலும் கிடந்த மோட்டார்கள் எல்லாம் அதற்குள்தான் இறங்கும். அந்தத் தொட்டி விளிம்பில் முத்தலிப் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி கட்டிய கட்டு அவிழ்ந்து மடியில் கிடந்தது. தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளிப் புண்ணின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் சாரன் நுனியால் காலைத் துடைத்தார். விரலிலிருந்து தொடங்கி, ஒரே இழுவையில், ஒரே அளவில், கட்டைத் திரும்பச் சுற்றி முடித்தார். காலையில் பார்த்த கட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"என்ன வேல இது?" என்றாள் கைறுன்னிஸா.

"வுளூ எடுத்த. ளுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க."

"அஞ்சு நேரமும் இஞ்ச வந்து இப்பிடித்தானா?"

"பின்ன? கால் கழுவாம என்ன தொழுக?"

"கட்டுக்கு மேல ஈரக் கையால தடவினாப் போதும், பிறகு மண்ணால தயம்மும் செய்யலாம் எண்டு மௌலவி பயான்லயே சொன்னாங்களே. நானே கேட்டன்."

"எனக்குந் தெரியும் புள்ள."

தெரியுமாம்! தெரிந்துகொண்டு ஏன் இப்படி என்று கேட்க வாயெடுத்தவளுக்கு, அப்போதுதான் நளீருடைய நினைப்பு வந்தது.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. ஹோட்டல் வேலை செய்கிற நளீர் கொதி எண்ணெய் கொட்டிப் புண்ணாகி, காலில் கட்டோடு பள்ளிவாசலுக்கு வந்தார். தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து கட்டின் மேல் கையால் தடவினார். பக்கத்தில் இருந்த முத்தலிப், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன நளீர், வுளூவா எடுக்கிறா, பவுடரா பூசுறா?" என்றார். தொட்டியைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு நளீர் அந்தப் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த தெருப் பள்ளிக்குப் போகிறார். முத்தலிப் வீட்டுக்கு வந்து அந்தப் பகிடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது கைறுன்னிஸாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது அதே கட்டு அவருடைய காலில். தடவினால் ஊர் பார்க்கும். தனியே தடவிவிட்டுப் போகவும் அவருடைய மனம் விடவில்லை.

"மிஸ்ஸிக்கிட்டச் சொல்லிராத" என்றார். "தண்ணி சுத்தமான தண்ணிதான். நெறம் மாறல்ல, மணம் மாறல்ல."

அவள் சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்கிற பயம் மட்டும் என்றால் அதைத் தாண்டியிருப்பாள். இன்னொரு பயம் இருந்தது. மிஸ்ஸி முஸ்லிம் இல்லை, தமிழ்ப் பிள்ளை. வந்தாறுமூலைப் பக்கம். "உங்கட தொழுகையாலதான் கால் அழுகிச்சு" என்று அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதைக் காதால் கேட்க வேண்டுமே. அதைவிடக் களவாய்ச் சோறு போட்டவள் என்ற பேரே போதும் என்று இருந்துவிட்டாள். திங்களும் ஏச்சு வாங்கினாள். வியாழனும் வாங்கினாள். அடுத்த திங்களும் வாங்கினாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை கட்டை அவிழ்த்ததும் நாற்றம் அறையை நிறைத்தது. டொக்டர் மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். அது எலும்பில் முட்டியது. முத்தலிப் முகம் சுளிக்கவேயில்லை. அந்தச் சுளிக்காத முகத்தைப் பார்க்கத்தான் கைறுன்னிஸாவுக்குப் பயமாக இருந்தது.

"இண்டைக்கே மட்டக்களப்புக்கு அனுப்புறன்" என்றார் டொக்டர். "விரல் எடுக்க வேண்டிவரும். மேல ஏறிட்டுதெண்டா விரலோட நிக்காது."

அவர் கடிதம் எழுதப் போனதும் மிஸ்ஸி ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்தாள். "புண்ணில எடுத்தனுப்பின சீழுக்கு றிப்போட் வந்திருக்கு. ஊத்தைத் தண்ணியில இருக்கிற கிருமியாம். காக்கா, வாவிக்குள்ள இறங்கினீங்களா? வயலுக்கு?"

"இல்ல" என்றார் முத்தலிப், மின்விசிறியைப் பார்த்தபடி.

விரல் எடுக்க வேண்டிவரும் என்ற வார்த்தை கைறுன்னிஸாவின் காதுக்குள் நின்றது. இனி யாருடைய மானத்தைக் காப்பாற்றி என்ன?

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம் அவுக்கிறாரு மிஸ்ஸி" என்றாள். "மோட்டார் போடுற தொட்டித் தண்ணியில கழுவுறாரு. கழுவிட்டு, நீங்க கட்டின மாதிரியே கட்டிருறாரு."

முத்தலிப் திரும்பி அவளைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

மிஸ்ஸி குனிந்து, கழற்றிப் போட்ட கட்டைக் கையில் எடுத்தாள். "அதுதானே. எண்ட கட்டு இவ்வளவு வடிவா இருக்காது. எண்ட கைதான் திருந்திட்டுது எண்டு நினைச்சன்." சிரிக்கப் போனவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "தொழுறவங்க எத்தன பேர் இந்தக் கதிரையில இருந்து சுகமாகிப் போயிருக்காங்க, காக்கா. கட்டுக்கு மேல தடவுங்க எண்டு உங்கட மௌலவியே இஞ்ச வந்து சொல்லித் தந்துட்டுப் போனவர்."

கைறுன்னிஸா பயந்த வார்த்தை வரவேயில்லை. வேறொன்று வந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும், ராத்தா?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாளைக்கு முந்திச் சொல்லியிருந்தா…" என்று தொடங்கிய மிஸ்ஸி மிச்சத்தைச் சொல்லாமல் கையுறையைக் கழற்றினாள். அன்றைக்கு அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மூன்று நாள் முத்தலிப் மனைவியோடு பேசவில்லை. நாலாம் நாள் கைறுன்னிஸா நளீருக்குப் போன் எடுத்தாள். வருவார் என்று நம்பிக்கை இல்லை. ஆனால் வந்தார். ளுஹருக்குச் சற்று முந்தி, கையில் ஒரு பை தோடம்பழத்தோடு கட்டிலருகே நின்றார்.

"நளீர்" என்றார் முத்தலிப். "அண்டைக்கு நான்…"

"அத விடுங்க காக்கா. தொழ வேணாமா?"

நளீர் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். முகம், கை, தலை, சுகமான கால் எல்லாம் முடிந்தன. "மத்தக் காலுல நல்ல இடத்தக் கழுவுங்க. இப்ப கைய நனைங்க. உதறுங்க. இனிக் கட்டுக்கு மேல மெல்லத் தடவுங்க. பிறகு தயம்மும், அதுக்கு மண் கொண்டந்திருக்கன்."

முத்தலிபின் கை கட்டின் மேல் வந்து நின்றது. பிறகு ஒரு முறை தடவியது. வெள்ளைத் துணியில் ஈரம் பட்டதும் தெரியவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் காக்கா. அண்டைக்கும் இவ்வளவுதான்."

முத்தலிப் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டியா புள்ள?" என்று முத்தலிப் கைறுன்னிஸாவிடம் சொன்னார். மூன்று நாளைக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது. "இவ்வளவுதானாம்."

கைறுன்னிஸா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். நாளுக்கு ஐந்து, பதினொரு நாள். ஐம்பத்தைந்து தரம். அத்தனை தரமும் அவளுக்குத் தெரிந்துதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற வெளியே போனாள். குழாயடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.