வாரம் நூற்றிருபது வார்த்தை

என் கணவன் ரோரி அணுகுண்டு நீர்மூழ்கியில் சமையல்காரன். ஹெலன்ஸ்பரோ ஊருக்குப் பக்கத்துக் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பினால் மூன்று மாதம், சில சமயம் ஐந்து மாதம் கடலுக்கடியில்தான். அங்கிருந்து ஒரு சொல் வராது; வந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடுமாம். நாங்கள் மட்டும் வாரம் நூற்றிருபது வார்த்தை அனுப்பலாம். மனதைக் கலக்குவது எதுவானாலும் தளத்து அதிகாரி வெட்டிவிடுவார்.

இந்த முறை அவன் கிளம்பியதே சண்டையோடு. மாமனார் டூகல் பழைய பட்டாளத்துக்காரர். ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டு சைப்ரஸில் இரண்டு படைகளுக்கு நடுவே நின்றவர்.

"நான் வெயில்ல மூஞ்சியக் காட்டிக்கிட்டு நின்னேன்டா. நீ தண்ணிக்கடியில ஒளிஞ்சுக்கிட்டு ஊரையே கொளுத்திடுவேன்னு மிரட்டுற. இதுக்குப் பேரு காவலா?"

"நீங்க நின்ன இடத்துல வேலி இன்னும் அப்படியேதான் இருக்குப்பா!" என்றான் ரோரி.

கிழவர் முகம் கொடுக்கவில்லை. மகனை வழியனுப்பவும் வரவில்லை. வாராவாரம் நானும், 'அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்' என்று பாதி கேலியாக எழுதிவந்தேன்.

ஏழாவது வாரம் மாமாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்மேல எனக்குக் கோவமே இல்லைன்னு எழுதிடும்மா" என்றார். மறுநாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் தளத்துக்குப் போனேன். சாவுச் செய்தியைக் கப்பல் திரும்பும் நாளில்தான் சொல்வார்கள் என்று தெரியும். அதை நான் எழுதவேயில்லை. மாமா சொன்ன ஒரு வரியைத்தான் எழுதியிருந்தேன்.

அதிகாரி பிரிங்கிள் படித்துவிட்டு, "இதை அனுப்ப முடியாது மேடம்" என்றார்.

"ஏன்? சமாதானம்தானே சொல்லியிருக்காரு?"

"அதான் பிரச்சினை. திடீர்னு மனசு மாறிட்டார்னா, அப்பா சாகக் கிடக்கார்னு உங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர் ஊரா அழிக்கிற குண்டைச் சுமக்கலாம், அப்பன் மன்னிச்ச சேதியைச் சுமக்கக் கூடாதா? இதுதான் நீங்க அமைதியைக் காப்பாத்துற லட்சணமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "வழக்கமா மாமனாரைப் பத்தி என்ன எழுதுவீங்க?"

"இன்னும் கோவமா இருக்காருன்னு."

"அதையே எழுதுங்க. எழுதாம விட்டாலும் சந்தேகப்படுவார்."

பாவி, அதுவும் உண்மைதான். வாரக்கணக்கில் ரோரி அங்கே தவித்துக் கிடப்பானே! மாமாவுக்கு மண் போட்டுவிட்டு வந்த அதே கையால், 'அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன்.

பிரிங்கிள் ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை.