பிளஸ் எந்தப் பக்கம்

தங்கை வீட்டுப் படியேற அண்ணன்காரனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இரும்பைக் குடைந்து துளை போடும் ஒரு பழைய மில்லிங் மெஷின் அதைக் கொடுத்தது. கல்யாணத்தன்று ஏதோ பேச்சில் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை, அதன்பிறகு மச்சானை வாசலோடு நிறுத்திவிட்டார். இப்போது வீட்டை ஒட்டிய பட்டறையில் மெஷினுக்குக் கம்ப்யூட்டர் கண்ட்ரோல் மாட்ட ஆள் தேவை. "எங்க அண்ணாவுக்கு இதுதானே வேலை" என்று தங்கை நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள். வேலை சரியாக முடிந்தால் வீட்டுக் கதவும் திறக்கும். சொதப்பினால் அவ்வளவுதான்.

மெஷினின் அச்சுகளுக்கு, அதாவது அது நகரும் திசைகளுக்கு, பெயர் வைப்பதில் அவன் கறார். குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை சட்டம் கிடையாது. டிரில் சுழன்று இறங்கும் திசை இசட். துளைக்கவேண்டிய பொருளை ஏற்றும் மேஜை நீளவாக்கில் ஓடுவது எக்ஸ், குறுக்கே ஓடுவது ஒய். ஒவ்வொன்றுக்கும் திரையில் பெயர், எல்லை, வேகம் எல்லாம் போட்டு முடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தங்கையிடம், "இந்த 'திசை மாற்று' கட்டத்துல மட்டும் டிக் போட்டுடாத தாயே, எல்லாம் தலைகீழாயிடும்" என்று சிரித்தான். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை வந்து எக்ஸ் பிளஸ் பொத்தானை அழுத்தினார். மேஜை இடப்பக்கம் நகர்ந்தது.

"பிளஸ்ஸுன்னா வலப்பக்கம்தானே போகணும்?"

"டிரில்லு வலப்பக்கம் போற கணக்கு, மாப்பிள்ளை. அது நகராதே, அதனால மேஜை இடப்பக்கம் போகுது."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"கண்ணு சரிதான். கணக்கு வேற."

"என் பட்டறையில எனக்கே பாடமா?"

பேச்சு தடித்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல் தங்கை நடுவில் நின்றாள். கல்யாண நாள் மறுபடி வந்துவிட்டதென்று அவள் முகமே சொன்னது. கொஞ்சம் ஆறட்டும் என்று அவன் ஒரு ஸ்விட்ச் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜைமேல் ஒரு பம்பின் வார்ப்பு மூடி. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த ஒரே மூடி, வேறு கிடையாது. மையத்திலிருந்து அளந்து, சுற்றிலும் சமமில்லாத இடைவெளியில் போடவேண்டிய துளைகள். அத்தனையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறி விழுந்திருந்தன.

"என்ன மச்சான் செட் பண்ணினீங்க?"

அவன் திரையைப் பார்த்தான். எக்ஸுக்கு நேரே அந்த 'திசை மாற்று' கட்டத்தில் டிக்.

"இத யாரு..."

"நீங்கதானே! நான் சொன்னது சரின்னு மாத்திட்டுக் கிளம்பினதா இவ சொன்னா. அத நம்பித்தான் மூடிய ஏத்தினேன்."

தங்கை தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணனை மட்டும் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. சண்டையை நிறுத்த வீட்டுக்காரர் ஆசைப்படி ஒரு டிக், அண்ணன் இறங்கிவந்ததாக ஒரு பொய். அவளுக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிட்டு அவன் தன் வீட்டுக்குப் போய்விடலாம். அவள் இங்கேயல்லவா இருந்தாகவேண்டும்? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள்மேல் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

"ஆமா மாப்பிள்ளை. நான்தான் மாத்தினேன்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

அவன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தான்.

"இனிமே இந்தப் பக்கமே வந்துடாதீங்க."

கிளம்புமுன் டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ் பிளஸ் அழுத்திப் பார்த்தான். மேஜை ஒழுங்காக இடப்பக்கம் நகர்ந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வாசல்வரை வந்த தங்கை, கணவர் காதில் விழாமல் கேட்டாள்.

"அண்ணா, இப்ப சரியாயிடுச்சா?"

"மெஷின் சரியாயிடுச்சும்மா" என்றான். அவள் படியோடு நின்றுவிட்டாள்.