திரையில் பறக்கும் குருவி

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். தண்டலம் போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் போனில் சொன்னாள்: "அந்தக் குருவிய தூக்கிட்டா நாங்க இன்னாடி பண்றது?" சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

ஒரகடத்தின் புகைக்கூண்டுகளுக்கு மேல் செவ்வானம் மெல்ல—

(வேண்டாம், இது ஜிகினா. மென்பொருளில் வேலைக்கு வேண்டாத மினுக்குகளை முத்துச்செல்வியின் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.)

முத்துச்செல்வி சங்கரன்கோவில்காரி. கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில், லைனில் மேசைக்கு மேசை இருக்கும் திரைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். ஒரு திரையின் மூலையைத் தொட்டால், அந்த மேசையின் எண்ணை அலகில் கவ்விக்கொண்டு எல்லாத் திரைகளிலும் ஒரு குருவி பறக்கும். எதற்கு வைத்தாள்? பார்க்க நன்றாக இருந்தது, அதற்குத்தான்.

3

திரை மெதுவாகிறது, ஜிகினாவை எல்லாம் எடு என்று உத்தரவு வந்தது. எடுக்க வந்தவள், முதல் மேசை அம்சவல்லியிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அக்கா, நாளையிலருந்து குருவி வராது."

"ஐய, இன்னாம்மா சொல்ற? அதப் பாத்துதானே எங்க எடத்துல நிக்க ரிலீவர் பொண்ணு ஓடியாருது!"

"நீங்க எங்க போறீய?"

"சினிமாவுக்கு! பாத்ரூமுக்குத்தாம்மா. மின்னாடியெல்லாம் போவணும்னா கைய தூக்கணும். சூப்பர்வைசர் தணிகாசலம் லைனுக்கே கேக்குற மாரி 'மறுபடியுமா?'ம்பாரு. அதுக்கு பயந்துகினு தண்ணியே குடிக்காம கெடந்தோம்."

"எனக்குத் தெரியாதேக்கா. நான் சும்மால்லா வச்சேன்."

"நீ வச்சது அழகுக்கு. நாங்க தொடறது அவசரத்துக்கு."

(இங்கே அம்சவல்லிக்கு ஒரு நீண்ட முன்கதை எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள் என்பது போதும்.)

4

தணிகாசலம் வந்து நின்றார். "இன்னாம்மா, குருவிய எடுத்தாச்சா? ஆமா, அது எதுக்குத்தான் வச்சது?"

ஒரு முடிவு: "சும்மாதான் சார்" என்கிறாள். குருவி போகிறது. கைகள் மறுபடி உயர்கின்றன.

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள். குருவி பிழைக்கிறது. ஆனால் யார் யார் எத்தனை தடவை தொட்டார்கள் என்று அடுத்த மாதமே அறிக்கை கேட்பார்கள். அதையும் முத்துச்செல்விதான் எழுதித் தரவேண்டும்.

மூன்றாவது: அவள் ஒரு பொய்—

(தணிகாசலம் நம்புகிற மாதிரி ஒரு பொய் எனக்கு இன்னும் அகப்படவில்லை.)

அவர் நகரவில்லை. அம்சவல்லி ஒயரைப் பிடித்தபடி முத்துச்செல்வியின் வாயையே பார்க்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவள் காதில் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்த லைன் முழுக்கக் காலையிலேயே தண்ணீர் குடித்துவிட்டது.