கெடு இல்லாத குத்தகை

ரட்னேஷ் கவுண்டர் வரைபடத்தை மேசைமேல் விரித்து, நம்பூகலா கிராமத்தின் மேலே தேநீர்க் கோப்பையை வைத்தான். வேண்டுமென்றேதான் வைத்தான்.

தலைநகர் சுவாவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் திரையில் புண்ணைப் பார்த்து, கடலுக்கு இந்தப் பக்கத் தீவில் கிராமத்தில் இருப்பவனுக்கு மருந்து சொல்ல வேண்டும். கிராம மருந்தகங்களை நடத்தும் அறக்கட்டளையின் திட்டம் அதுதான். ஊரோடு பங்கு போட்டுக்கொள்ளும் இன்டர்நெட் மழை தூறினாலே படுத்துக்கொண்டது. ஆகவே தொலைபேசிக் கம்பெனியிடம் தங்களுக்கென்றே ஒரு லைனைக் குத்தகைக்கு எடுப்பது, அது போகும் வழியில் உள்ள மருந்தகங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுவது என்று முடிவாயிற்று. வழியைத் தீர்மானிக்கும் வேலை அதன் லம்பாசா நகரக் கிளையில் இருந்த ரட்னேஷின் தலையில் விழுந்தது. பள்ளத்தாக்கு வழியாகப் போனால் தூரம் குறைவு, நம்பூகலா மருந்தகம் பிழைக்கும். நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போனால் அது செத்தது.

நம்பூகலாவை அவன் எப்படி மறப்பான்? அங்கேதான் பிறந்தான். அவன் அப்பா கரும்பு போட்ட நிலம் அந்த ஊர்ப் பூர்வகுடிக் குடும்பங்களுக்குச் சொந்தம். குத்தகைக் கெடு முடிந்ததும் ஊர்த்தலைவர் அபிசாய், புதுப்பிக்க முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அப்பா கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியில் ஏற்றியபோது, அபிசாயின் ஆட்கள் மாமர நிழலில் கிராக் என்கிற போதை வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கதவை மட்டும் விட்டுவிட்டுப் போ, அது எங்கள் காட்டு மரம் என்றான் ஒருவன். கதவில்லாமல் லம்பாசா ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, அதிலேயே அப்பா செத்தார்.

திட்டம் பற்றிய பேச்சு ஊருக்குள் போனதும் அபிசாயே ஒருநாள் பஸ் ஏறி அவன் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கூட மகள் லிதியா. ரட்னேஷோடு ஒரே பள்ளியில் படித்தவள், இப்போது நம்பூகலா மருந்தகத்தின் நர்ஸ். கிழவரின் இடது பாதத்தில் துணிக்கட்டு. சர்க்கரைப் புண்ணை மகள் தினமும் கழுவிக் கட்டித்தான் காலைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

கிழவர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் பாய்கூட இல்லாமல் சம்மணம் போட்டார். மடியிலிருந்து தம்புவாவை எடுத்தார். கயிறு கட்டிய திமிங்கிலப் பல், எண்ணெய் ஏறிப் பழுப்பாகியிருந்தது.

"உங்கப்பனுக்கு நாங்க பண்ணது பெரிய தப்பு, மகனே. வாயத் தொறந்து சொல்ல எனக்கு இவ்ளோ நாளாச்சு. வாங்கிக்க. என்ன மன்னிச்சுடு."

தம்புவாவைக் கையில் வாங்கினால் வழக்கு அங்கேயே தீர்ந்தது. வாங்கியபின் பகையை வைத்திருப்பவன் மனிதனே இல்லை. அந்த மண்ணில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? ரட்னேஷ் தரையில் இறங்கி, இரண்டு கைகளாலும் வாங்கி, முறைப்படி கை தட்டினான்.

கிழவருக்குக் கண் கலங்கியது. பிறகு சிரித்தார். "உங்கப்பன் ரெண்டு கோப்ப கிராக்குலயே கவுந்துடுவான், தெரியுமா?"

"நான் அஞ்சு தாங்குவேன், மோமோ."

மாமனை அழைக்கும் அந்தச் சொல், சின்ன வயதில் கூப்பிட்டது, தானாக வாயில் வந்தது. அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

"இன்னொரு சங்கதி," என்றார் கிழவர். "ஏதோ குத்தகை லைனாமே. எங்க நெலத்துல போவுதுன்னா எனக்கு லீஸு வேணாம். கெடு வேணாம், வாடக வேணாம். உன் கம்பி எங்க மண்ணுல கெடக்கட்டும். என் பேரப்புள்ளைங்க காலத்துலயும் ஒருத்தனும் புடுங்க மாட்டான்."

பாவம், அவருக்குத் தெரிந்த குத்தகை ஒன்றுதான். குத்தகைக்கு எடுப்பது கம்பியை, நிலத்தை அல்ல என்று ஒரு வரியில் விளக்கியிருக்கலாம். ரட்னேஷ் விளக்கவில்லை. "ரொம்ப நன்றி, மோமோ. இது போதும் எனக்கு," என்றான். லிதியா மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே திட்டத்தைச் சுவாவுக்கு அனுப்பினான். நெடுஞ்சாலை வழி. காரணம் கேட்ட இயக்குநருக்கு போனில் பதமாகச் சொன்னான்.

"நம்பூகலால நெலத்துக்கு எழுத்து கெடயாது மேடம். வாய்ச்சொல்லுதான் தர்றாங்க. அத நம்பி எப்படி லைன் போடறது?"

"நீங்க அந்தப் பக்கத்து ஆளு. உங்களுக்குத் தெரியாததா," என்றாள் அவள்.

மருந்தகம் மூடப்பட்டது. லிதியாவைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். போகமாட்டேன் என்றால் வேலை இல்லை. போனாள். கழுவ ஆளில்லாத புண் மேலே ஏறியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தது, இலைச்சாறு வைத்துப் பார்த்தது எல்லாம் ஆனபின், லம்பாசா பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

லிதியா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவன் அறைக்கு வந்தாள். "ஊரே உன்னச் சந்தேகப்படுது. அப்பா விட மாட்டேங்கறாரு. பல்ல வாங்கினவன் செய்வானா, எல்லாம் சுவாக்காரன் வேலன்னு சண்டைக்குப் போறாரு."

ரட்னேஷுக்குச் சுருக்கென்றது. அது இரக்கமில்லை, ஏமாற்றம். கிழவருக்குத் தெரியாமல் போனால் இத்தனையும் எதற்கு?

"நான்தான் செஞ்சேன்."

"தெரியும். சுவால கேட்டுட்டேன்."

"அப்ப போய்ச் சொல்லேன். எங்கப்பன் யாரு அடிச்சான்னு தெரிஞ்சுதான் செத்தான். உங்கப்பனுக்கும் தெரியட்டும்."

"சொல்ல மாட்டேன்டா. அவருக்குக் கால் போச்சு. மன்னிப்பு கெடச்சுதுங்கற நெனப்பு ஒண்ணுதான் மிச்சம். அதயும் புடுங்கி உன் கையில நான் குடுக்கணுமா? வேணும்னா நீயே போ. ஆம்பள வார்டு, ஜன்னலோரக் கட்டிலு."

போனான். அவ்வளவு பசி அவனுக்கு.

கிழவர் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தார். கால் இருந்த இடத்தில் போர்வையைத் தட்டிக் காட்டினார். "வா மகனே, உக்காரு. இப்ப கட்டில்ல எடம் ஜாஸ்தி."

ரட்னேஷ் உட்காரவில்லை. "மோமோ, லைன வேற வழியாத் திருப்பினது நான்தான். உங்க மருந்தகத்த மூட வச்சது நான். பழி தீர்க்கத்தான் செஞ்சேன்."

 கிழவர் பக்கத்துக் கட்டில்காரனிடம் திரும்பினார்.

"பாத்தியா? நான் சுவாக்காரங்களத் திட்டக் கூடாதுன்னு பழியத் தன் தலமேல போட்டுக்கறான். கதவுகூட இல்லாம தொரத்துனேன் இவங்கள. எனக்காகப் பொய் சொல்ல வந்திருக்கான்."

"பொய் இல்ல. நெசமாத்தான் சொல்றேன்!" வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

"சரி, சரி. நம்பிட்டேன்," என்றார் கிழவர், அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல, அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். இழுத்துப் பார்த்தான். கிழவர் விடவில்லை.