ஒற்றைக் கொம்பு

...இன்னும் உலரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிவிடலாமா, ஆனால் பசை எப்போதோ உலர்ந்துவிட்டது, புத்தகத்தின் முதுகைத் தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் வருகிறது, நான்தான் தைத்ததைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன், எதிர் மேசையில் அட்டை வெட்டும் கோந்து அண்ணனுக்கு அது தெரியாமல் இல்லை. பசை வாசனை போகாத மனிதர், வீட்டிலும் அவருக்கு அந்தப் பெயர்தானாம். காலையில்கூடக் கேட்டார், "இந்தப் புத்தகத்துக்கு வைத்தியம் பாக்குறியா, இல்ல வளக்குறியா?" சிரித்துவைத்தேன். சிரித்துவைப்பது எவ்வளவு வசதி... சாயங்காலம் புத்தகத்துக்குச் சொந்தக்காரி வருகிறாள், வாங்கிக்கொண்டு போய்விடுவாள், அச்சு வந்த புதிதில் அடித்த புத்தகம், உலகத்திலேயே இந்த ஒரு பிரதிதான் மிச்சமாம், அதற்குள் இருக்கிறவரும் ஒருவர்தான்.

இருக்கிறவர் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? மடிந்துபோன தாளை நிமிர்த்த ஈரத்துணியை லேசாக ஒற்றுவோம், மூச்சு பட்ட அளவுக்குத்தான் ஈரம், அப்படி ஒற்றியபோது ஓரத்தில் பென்சில் எழுத்து மேலே வந்தது, குளத்தடியிலிருந்து மீன் வருகிற மாதிரி, காய்ந்ததும் போய்விட்டது. எந்தக் காலத்து வாசகரோ கிறுக்கியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தலைவலியோடு வந்த ஒருநாள் அதே இடத்தில் 'விளக்கைக் குறை' என்று இருந்ததே, அதை எந்தக் காலத்து வாசகர் எழுதுவார்? குறைத்தேன். பின்கழுத்தில் இளஞ்சூடு, தோளுக்கு மேலாக யாரோ சேர்ந்து படிக்கிற மாதிரி. பயப்பட்டிருக்க வேண்டும், நியாயமாக. நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டேன்.

அவர் எழுத்தும் புத்தகத்தின் எழுத்து மாதிரியே பழையது, ஒற்றைக் கொம்புதான், இரட்டைக் கொம்பு கிடையாது, தொ, தோ இரண்டுக்கும் ஒரே எழுத்து, குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். 'தொடு அழகு' என்று ஒருநாள் வந்தது. தொடு என்கிறாரே என்று தொட்டேன், ஈரத்தில் பென்சில் இழுபட்டு விரலில் கரியாக ஒட்டிக்கொண்டது, எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது, வீட்டுக்குப் போய்க் காதில் கிடந்ததைக் கழற்றும்போதுதான் உறைத்தது, தோடு, தோடு அழகு என்றல்லவா சொல்லியிருக்கிறார்... கண்ணாடி முன் தனியாக நின்று சிரித்தேன். அன்றைக்குப் பிறகு அந்தத் தோட்டை மாற்றவில்லை. அக்கா தொலைபேசியில், பையன் வீட்டார் பதில் கேட்கிறார்கள், என்னதான் சொல்வது என்கிறாள், வேலை முடியட்டும் என்கிறேன், எந்த வேலை, எப்போது முடியும், அவளும் கேட்பதில்லை.

இப்போது அவர் எழுத்து வருகிற அந்த ஏடு மட்டும் என் கையில் தனியாக இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஏடு. உதிர்ந்துவிட்டது என்றால் முடிந்தது, யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள், அவர் வருவது இதில் மட்டும்தான், மற்றதை அவள் எடுத்துக்கொண்டு போகட்டுமே. கடைசித் தடவையாக ஒற்றினேன். இதை நான் வைத்துக்கொண்டால் என்னோடு இருப்பீர்களா? மனதுக்குள்தான் கேட்டேன், வாய்விட்டு அவரிடம் நான் பேசியதே இல்லை. எழுத்து எழும்பி வந்தது. 'பொய்'. அதை அடுத்துப் பூச்சி தின்ற ஓட்டை. பொய்யா? நான் செய்யப்போகும் காரியம் பொய் என்கிறாரா, இத்தனை நாள் வந்துபோனதெல்லாம் பொய் என்கிறாரா? இல்லை, அது 'போய்' என்பதா? போய் என்றால் அதோடு நிற்காதே, போய் வருகிறேன் என்று அல்லவா முடியும், புறப்படுகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையே, அந்த வருகிறேனைத்தான் பூச்சி தின்றுவிட்டதா...

கோந்து அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். அந்த ஏடு எங்கே போகிறது என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்றேன். "பூச்சி தின்னுடுச்சுன்னு சொல்லு, அவங்க நம்பிடுவாங்க," என்றார், "நான் நம்ப மாட்டேன், அவ்வளவுதான்." மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். ஏட்டை அதன் இடத்தில் திரும்ப வைத்து ஊசியில் நூல் கோத்தேன், பழைய துளைகளிலேயே ஊசி தானாக இறங்கியது, ஒவ்வொரு இழுப்புக்கும் பின்கழுத்துச் சூடு குறைகிறதா கூடுகிறதா என்று கவனித்துக்கொண்டே தைத்தேன், தெரியவில்லை.

வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள், நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டினாள், வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்திருப்பேன், இன்றைக்கு ஏனோ பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஏட்டில் நின்றாள். எச்சில் பட்ட இடத்தில் அவருடைய எழுத்து எழும்பியது, அதே ஒரு சொல், அவளுக்கும். அவள் ஆச்சரியப்படவில்லை, புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். "எங்க வீட்லயும் ஈரம் பட்டா இப்படித்தாங்க ஏதாவது வரும். எனக்குப் பழைய எழுத்து வராது. என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

அவளிடமும் எழுதியிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் என்னிடம் வந்தாரா... அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம், எழுத்து காய்ந்துகொண்டிருக்கிறது. வாயைத் திறந்தேன், உதடு குவிந்தது. பொய், போய், இரண்டு சொல்லுக்கும் உதடு ஒரே மாதிரிதான் குவிகிறது, இத்தனை நாள் மனதுக்குள்ளேயே படித்ததில் இது எனக்குத் தெரியாமலே போயிற்று, வித்தியாசம் எழுத்தில் இல்லை, குவிந்த உதட்டை நான் எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கப் போகிறேன் என்பதில்தான்... அவள் காத்திருக்கிறாள்.