பட்டியலில் விழுந்த வாய்

2007 மார்ச் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, அப்ரார் பேசுவது அடுத்தவர் காதுக்குப் போகாமல் நின்றுபோனது. வாய் அசையும், சத்தம் போய்ச் சேராது. சரியாக நான்கு நாள் கழித்து, அதே வார்த்தைகள் முன்னால் 'ஐந்நூற்று ஐம்பது' என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டு அவன் காதுக்கே திரும்பி வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அன்று இரண்டு மணி நேரம் கரண்டும் இல்லை. ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அப்ரார் அங்கே ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வீடு பழவேற்காட்டில். ஏப்ரல் எட்டாம் தேதி தங்கை ரமீஸாவுக்கு நிக்காஹ். அவர்கள் குடும்பத்தில் பெண்ணின் அண்ணன் வீடு வீடாகப் போய் வாயால் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், வராததை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டவும் செய்வார்கள். "கார்டை தபால்காரன்கூட குடுப்பான்டா. கூப்பிடறது வாயிதான்," என்று வாப்பா அமானுல்லா முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை எழுதிக் கொடுத்தார். கால் வலிக்கும் என்று அப்ராருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போய், அங்கிருந்த மெயில் சர்வரில் அழைப்பைத் தட்டினான். சொந்தக்காரர்களின் முகவரிகள் ஆலையின் முகவரிகளோடு கலந்து கிடந்தன. பொறுக்கும்போது யாராவது விட்டுப்போனால் வம்பு என்று, இருந்த பதினோராயிரத்துக்கும் அனுப்பினான். ஜெர்மனியில் வால்வு வாங்கும் ஒருவரும் அன்று பழவேற்காட்டுக்குக் குடும்பத்தோடு அழைக்கப்பட்டார்.

குப்பை மெயில் அனுப்பும் இடங்களின் ஐ.பி. எண்களைப் பிடித்துப் பிளாக்லிஸ்ட் போடுகிறவர்கள் உலகத்தில் எங்கோ இருக்கிறார்கள். ஆளில்லாத முகவரிகளைத் தூண்டிலாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பதினோராயிரத்தில் மூன்று தூண்டில் இருந்தன. திங்கள் காலை ஆலையின் எண் பட்டியலில் ஏறியது. அனுப்பிய மெயிலெல்லாம் 'ஏற்க மாட்டோம்' என்று அர்த்தமாகும் 550 என்ற முத்திரையோடு திரும்பின. மேலாளர் துளசிராமன் வந்து ஏன் என்று கேட்டார். "பர்ச்சேஸ்ல நர்மதா அக்கா மெஷின்ல வைரஸ் சார்," என்றான் அப்ரார். அப்போது பத்து பதினாலு. அடுத்தவர் காதில் விழுந்த அவனுடைய கடைசி வாக்கியம் அதுதான்.

பதினான்கு வருஷம் பர்ச்சேஸில் இருந்த நர்மதாவை எடை மேடைக்கு மாற்றினார்கள். வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து லாரி எடை எழுதினாள்.

அப்ரார் தினமும் காலையில் ஆலையின் எண்ணைப் பட்டியல்களில் தேடிப் பார்த்தான். சிவப்பு. நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டான். காரணம் என்ன, அதைச் சரிசெய்தாயிற்றா என்று இரண்டே கேள்விகள். 'ஊழியர் ஒருவரின் கணினியில் வைரஸ். நீக்கப்பட்டது' என்று எழுதினான். காரணம் நீங்கவில்லை என்று பதில் வந்தது. மறுபடி அதையே எழுதினான். காத்திருக்கும் காலத்தை ஒரு நாளிலிருந்து ஏழு நாளாக்கினார்கள். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட அங்கே ஆள் இருந்ததா என்பதும் தெரியவில்லை.

இதற்கிடையில் வீடு வீடாகவும் நடந்தான். பழவேற்காடு, பொன்னேரி, புதுவாயல் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று வாயை அசைத்தான். டீ கொடுத்தார்கள். மாப்பிள்ளை யார் என்றுகூடக் கேட்கவில்லை. கல்யாணம் என்று தெரிந்தால்தானே. நான்கு நாள் கழித்து அத்தனை அழைப்பும் அவன் காதுக்கே வந்தன. ஒரே வாரத்தில் நூற்றிருபது முறை அவனே அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். ரமீஸா வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் பந்திக்குச் சொன்ன பிரியாணி தேக்சாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி எடை மேடைக்குப் போய் நர்மதாவிடம் ஏதோ சொன்னான். பிறகு பேனாவை எடுத்தான்.

"எய்திக் காட்டாத அப்ராரு," என்றாள் அவள், லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாயாலதான என்ன இங்க தள்ளின. அதே வாயால போய் எடு."

அவன் துளசிராமன் அறைக்குப் போனான். "நர்மதா அக்கா இல்ல சார். நான்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பினேன்."

"ஏன்யா கத்துற? காது நல்லாதான் கேக்குது," என்றார் துளசிராமன்.

அப்ராருக்கு மெமோ கிடைத்தது, நர்மதாவுக்குப் பழைய நாற்காலி. அன்று விண்ணப்பத்தில் 'காரணம்: நான்' என்று எழுதினான். அரை மணி நேரத்தில் எண்ணை நீக்கிவிட்டார்கள். திரும்பி வந்திருந்த அழைப்புகள் அன்று மாலையே மறுபடி கிளம்பி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வாசலில் ஆளில்லாமல் அப்ரார் குரல் கேட்டது என்றார்கள். நிக்காஹுக்கு முந்நூற்றுப் பதினோரு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், சோறு போதவில்லை. பொன்னேரி பரீதா மாமிக்கு மட்டும் அழைப்பு அடுத்த வருஷம் ஜூலையில்தான் கிடைத்தது. உடனே பஸ் ஏறி வந்தார். ரமீஸாவின் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். மாமிக்குத் தனியாக பிரியாணி வைத்தார்கள்.

ஒரு பட்டியலிலிருந்து நீக்கினால் இன்னொன்றிலிருந்தும் நீங்கிவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. அப்ரார் தினமும் காலையில் எண்ணைச் சோதித்துவிட்டு, நர்மதாவின் மேசைக்குப் போய், "மன்னிச்சிடுங்க அக்கா," என்பான். "கேக்கல," என்பாள் அவள். அவன் அதைச் சந்தேகித்ததில்லை. மறுநாள் மறுபடி வருவான். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல்.

2009 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் வழக்கம்போலச் சொன்னான். நர்மதா தலையைத் தூக்கினாள்.

"கேக்குதுடா. நாலு நாளாவே கேக்குது. வா, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கினு நிக்குது."

அப்ரார் போய்ப் பேப்பரை எடுத்துவிட்டான்.